பென்சிலில் எழுதப்படும் எடை: உவர்மலையில் நாற்பது கடந்தோருக்கான ஓர் உடற்பயிற்சி வகுப்பு

திருகோணமலை உவர்மலையில், ஓர் ஒழுங்கையின் முடிவில் இருக்கும் வீட்டின் முன்மண்டபத்தில் நடைபெறும் வலுப்பயிற்சி வகுப்பு ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அதற்குப் பெயர்ப்பலகை இல்லை. நாற்பது வயதைக் கடந்தவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்கிறார்கள். திங்களும் வியாழனும் பெண்களுக்கு மாலை 4.15 மணிக்கும், ஆண்களுக்கு 6.30 மணிக்கும் வகுப்பு நடக்கிறது. சனிக்கிழமை காலையில் விரும்பியவர்கள் எல்லோருக்குமாகச் சமநிலைப் பயிற்சி ஒன்று இருக்கிறது. மாதக் கட்டணம் 4,500 ரூபாய். நான் 14 மாதங்களாகவும் என் கணவர் ஒன்பது மாதங்களாகவும் போய்வருகிறோம். மழைக்காலம் இரண்டையும் வெயில்காலம் ஒன்றையும் அங்கே கழித்துவிட்டதால், அதன் நன்மைகளோடு குறைகளையும் நிதானமாகச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

எனக்கு வயது 49. பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறேன். மாணவியாக இருந்த காலத்தில் வலைப்பந்து விளையாடியவள் என்பதால், உடற்பயிற்சி என்றால் ஓடவும் பாயவும் வேர்க்கவும் வேண்டும் என்ற எண்ணம் ஆழப் பதிந்திருந்தது. பிள்ளைகள் பிறந்த பின்னர் ஓட்டம் நடையாக மாறியது. உட்துறைமுக வீதியில் வாரத்தில் ஐந்து நாட்கள், விடியற்காலையில் 45 நிமிடங்கள் நடப்பேன். எடை கூடினால் இரவுச் சாப்பாட்டைக் குறைப்பேன். முப்பதுகளில் இந்த இரண்டும் போதுமாக இருந்தன. 46 வயதளவில் அவை போதாமல் போனதை நான் உடனே கவனிக்கவில்லை, ஏனென்றால் தராசின் முள் அதே 61 கிலோவில் நின்றது. இடுப்புச் சுற்றளவு மட்டும் 79 சென்ரிமீற்றரிலிருந்து 87 ஆகியிருந்தது. நம்மைப் போன்ற தென்னாசியப் பெண்களுக்கு அந்த அளவு 80 சென்ரிமீற்றருக்குள் இருப்பதே நல்லது என்று கிளினிக்கில் சொன்னார்கள். எடை மாறாமல் இடுப்பு மட்டும் பெருத்தால் கை கால்களில் தசை குறைந்து வயிற்றில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்பதே பெரும்பாலும் பொருள். தராசை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது புலப்படுவதில்லை.

எனக்கு அதைப் புலப்படுத்தியது கோணேசர் கோவில் இறக்கம். கோட்டை வாசலால் நுழைந்து, மான்களைப் பார்த்துக்கொண்டு மேலே ஏறும்போது மூச்சு வாங்கவில்லை. அவ்வளவு காலம் நடந்த நடை அந்த அளவில் உதவியிருந்தது. திரும்பி இறங்கும்போதுதான் முழங்கால்கள் இரண்டும் நடுங்கின. ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது, இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சமதரையில் எத்தனை மைல் நடந்தாலும் இந்தத் தாங்கும் வலு வளர்வதில்லை. முப்பது வயதுக்குப் பின்னர் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையும் என்பதும், மாதவிடாய் நின்றதைத் தொடர்ந்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் பெண்ணின் எலும்படர்த்தி 20 சதவீதம் வரை குறையக்கூடும் என்பதும் நான் பின்னர் அறிந்த விடயங்கள். இரவுச் சாப்பாட்டைக் குறைத்து வந்ததால் அந்தத் தசை இழப்பை நானே விரைவுபடுத்தியிருந்தேன் என்பதை அறிந்தபோது மிகவும் வருந்தினேன்.

இந்த வகுப்புக்கு வருவதற்கு முன்னர் நகரத்தில் வேறோர் உடற்பயிற்சி நிலையத்தில் ஐந்து வாரங்கள் இருந்தேன். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலானோர் இருபதுகளில் இருந்தார்கள். இசைக்கு ஏற்றபடி குதிப்பதும், பெட்டியின் மேல் பாய்ந்து ஏறுவதும், ஒரு நிமிடத்தில் எத்தனை முறை என்று எண்ணுவதுமாக வகுப்பு நடந்தது. பதினேழு வயதில் வலைப்பந்துத் திடலில் நின்றவள் எனக்குள் விழித்துக்கொண்டாள். பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் எண்ணிக்கையை எட்ட வேண்டும் என்று முயன்றேன். ஐந்தாம் வாரம் குதிக்கால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் வீங்கி, காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது நிலத்தில் கால் வைக்க முடியாமல் போயிற்று. தசை சில வாரங்களில் புதிய பாரத்துக்குப் பழகிக்கொள்ளும், தசைநாண் பழகுவதற்கு மாதங்கள் எடுக்கும், வயது ஏற ஏற அந்த இடைவெளி கூடுகிறது. அதை அங்கே யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என்னோடு சேர்ந்த சக ஆசிரியை ஒருவர் பிரஷருக்கு அட்டெனலோல் எடுப்பவர். அந்த மருந்து இதயத்துடிப்பைக் குறைத்து வைத்திருக்கும் என்பது தெரியாமல், 220இலிருந்து வயதைக் கழித்து வரும் இலக்கத்தின் இத்தனை வீதத்துக்குத் துடிப்பு ஏற வேண்டும் என்று அவரைத் தொடர்ந்து ஓடச் செய்தார்கள். அவர் தலைசுற்றி உட்கார்ந்த நாளோடு நாங்கள் இருவரும் நின்றுவிட்டோம். அந்தப் பயிற்சியாளர்கள் அக்கறை இல்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இளைஞருக்குப் பொருந்தும் ஒன்றைத்தான் அவர்கள் கற்றிருந்தார்கள்.

உவர்மலை வகுப்பில் முதல் நாள் உடற்பயிற்சியே நடக்கவில்லை. பயிற்சியளிப்பவர் முன்பு உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவர், வயது 44. எங்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள் என்றாலும் எல்லோருமே அவரை மிஸ் என்கிறோம், அவர் எங்களை அக்கா என்கிறார். என்னைக் கதிரையில் அமர்த்தி, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் செய்து, இரத்த அழுத்தத்தை இரண்டு முறை அளந்தார். என்ன மருந்து எடுக்கிறேன், கடந்த ஆண்டில் எங்கேயாவது விழுந்தேனா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, இரவில் திடீரென்று உடம்பு சூடாகி வேர்க்கிறதா, நித்திரை எத்தனை மணித்தியாலம், எந்த மூட்டு வலிக்கிறது, தாய் தந்தையருக்கு எலும்பு முறிவு உண்டா என்று வரிசையாகக் கேட்டார். பின்னர், கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு 30 செக்கனில் கதிரையிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினார். எனக்கு 11 வந்தது. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். வலது கால் பத்து செக்கனைத் தாண்டியது, இடது கால் ஆறில் ஆடியது. இவற்றையெல்லாம் 80 பக்கக் கொப்பி ஒன்றின் முதல் பக்கத்தில் பேனாவால் எழுதி, அதற்குக் கீழே அடுத்த வகுப்பில் நான் தூக்கவேண்டிய எடைகளைப் பென்சிலால் எழுதினார்.

அந்தப் பென்சிலும் பேனாவும்தான் இந்த வகுப்பின் முறை முழுவதும் என்று சொல்லலாம். தூக்க நினைப்பது பென்சிலில் இருக்கும். வகுப்புக்குள் நுழைந்ததும் மிஸ் நித்திரையையும் வலியையும் கேட்பார். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் இலக்கம் சொல்ல வேண்டும். அதைப் பொறுத்துப் பென்சில் இலக்கம் அப்படியே நிற்கும், அல்லது அழிக்கப்படும். உண்மையில் தூக்கியது மட்டுமே பேனாவால் எழுதப்படும். அழித்த தடமும் கொப்பியில் இருக்கும், அதை யாரும் மறைப்பதில்லை.

வகுப்பு 55 நிமிடங்கள். முதற் பத்து நிமிடமும் உடலைச் சூடாக்குவதற்கே போய்விடும். இருபது வயதில் நேரே ஓடத் தொடங்கிய நமக்கு இது வீண் நேரம் போலத் தோன்றினாலும், மூட்டுகள் இறுகிய ஒருவர் அந்தப் பத்து நிமிடத்தைத் தவறவிட்டால் அன்றைய மிச்ச நேரமும் கெட்டுவிடுகிறது. அதன் பிறகு வருபவை அன்றாடம் வீட்டில் செய்பவைதான்: கதிரையிலிருந்து எழுவது, நிலத்திலிருந்து பாரத்தைத் தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, இரண்டு கையிலும் வாளி தூக்கிக்கொண்டு நேராக நடப்பது, படியில் ஏறுவது, அதைவிட மெதுவாக இறங்குவது. படிக்கு 15 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒன்றும் 20 சென்ரிமீற்றரில் ஒன்றும் தச்சரிடம் சொல்லிச் செய்த இரண்டு மரப்பெட்டிகள் உண்டு. இறங்கும்போது மூன்று வரை எண்ணிக்கொண்டே காலை நிலத்தில் வைக்க வேண்டும். கோணேசர் கோவில் இறக்கத்தில் என் முழங்காலுக்குக் குறைவாக இருந்தது இந்த மூன்று எண்ணிக்கைதான் என்று இரண்டாம் மாதத்தில் புரிந்துகொண்டேன். தள்ளுவதற்கு முதலில் சுவர், பின்னர் மேசை விளிம்பு, பின்னர் தாழ்ந்த வாங்கு என்று மூன்று படிகள் இருக்கின்றன. நான் வாங்கை எட்டுவதற்கு எட்டு மாதங்கள் ஆயின.

எவ்வளவு பாரம் போதும் என்பதை முடிவு செய்வதற்கு மிஸ் கேட்கும் கேள்வி ஒன்றே: "இன்னும் எத்தனை இருக்கு அக்கா?" பத்து முறை தூக்கி முடித்த ஒருவர், முறை கெடாமல் இன்னும் இரண்டோ மூன்றோ தூக்கலாம் என்று உணர்ந்தால் அந்தப் பாரம் சரி. ஐந்தாறு இருந்தால் பாரம் போதாது. ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் பாரம் அதிகம். அடுத்தடுத்த இரண்டு வகுப்புகளில் 12 முறை தூக்கிய பின்னும் கையிருப்பு இருந்தால் மட்டுமே எடை கூடும். ஒவ்வொரு ஐந்தாவது வாரமும் எல்லோருக்கும் இலேசான வாரம். அந்த வாரத்தில் தசைநாண்களும் மூட்டுகளும் தசையை எட்டிப் பிடிக்கட்டும் என்பார். தூக்கும்போது மூச்சைப் பிடித்தால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும் என்பதால், "தூக்கேக்க ஊதுங்க, இறக்கேக்க இழுங்க" என்று ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று சொல்வார். வேகநடைக்குத் துடிப்பு எண்ணுவதில்லை. நடந்துகொண்டு முழு வசனம் பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் நடுத்தரமான முயற்சி என்று கொள்ளப்படுகிறது. பிரஷர் மருந்து எடுப்பவருக்கும் பொருந்தும் அளவுகோல் இது. சுவரில் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையைத் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார்: வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் நடுத்தர முயற்சி, இரண்டு நாட்களேனும் பெருந்தசைகள் எல்லாவற்றுக்கும் வலுப்பயிற்சி. முதற் பகுதியை நடையால் நிறைவேற்றிக்கொண்டிருந்த எனக்கு, இரண்டாம் பகுதி ஒன்று இருப்பதே அந்தச் சுவரைப் பார்க்கும்வரை தெரியாது.

பெண்கள் தமக்குள் மட்டுமே பேசிக்கொள்ளும், பெரும்பாலும் அப்போதும் பேசாத ஒரு விடயத்தையும் இங்கே எழுதுவது அவசியம் என்று நினைக்கிறேன். இருமினாலோ குதித்தாலோ பாரம் தூக்கினாலோ சிறுநீர் சிறிது கசிவது பிள்ளை பெற்ற பெண்களுக்கும் மாதவிடாய் நிற்கும் வயதில் இருப்பவர்களுக்கும் பரவலாக இருப்பது. அதை வயதோடு வருவதென்று பொறுத்துக்கொண்டு, உடற்பயிற்சியையே கைவிட்ட பலரை எனக்குத் தெரியும். மிஸ் முதல் நாளே கதவைச் சாத்திக்கொண்டு, தணிந்த குரலில், எல்லோரிடமும் கேட்பதாகச் சொல்லிவிட்டு இதைக் கேட்டார். சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளைச் சுருக்கித் தளர்த்தும் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். மூன்று மாதத்தில் குறையாவிட்டால் அரச வைத்தியசாலையில் இயன்மருத்துவரைக் காட்டும்படி சொன்னார். எனக்குக் குறைந்தது. வகுப்பில் இன்னொருவருக்குக் குறையாததால் அவர் வைத்தியரிடம் போனார், அவருக்குச் சிகிச்சை வேறாக இருந்தது. தன்னால் முடியாததை இன்னொருவரிடம் அனுப்பும் இந்தப் பழக்கத்துக்காகவே நான் இந்த வகுப்பை மதிக்கிறேன். பெண்கள் நேரத்தில் மண்டபத்தின் முன்திரை இழுத்துவிடப்பட்டிருக்கும். முஸ்லிம் சகோதரிகள் நால்வர் எங்களோடு வருகிறார்கள், அவர்கள் அந்தத் திரையை ஒரு முக்கிய காரணமாகச் சொல்கிறார்கள்.

கடந்த ஆடி மாதம் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இந்த வகுப்பின் அருமையை விளக்க முடியாது. கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த நாட்கள். இரவிலும் தரையின் சூடு ஆறாது. அந்த வெக்கையோடு எனக்கு உள்ளிருந்து எழும் சூடும் சேர்ந்துகொண்டது. இரவில் மூன்று முறை உடுப்பு மாற்றி, விடிய நான்கு மணிக்குத்தான் கண் அயர்ந்த ஒரு நாளின் மாலையில் வகுப்புக்குப் போனேன். நிலத்திலிருந்து தூக்கும் எடைக்குப் பென்சிலில் 28 கிலோ இருந்தது. நித்திரைக்கு இரண்டு என்று சொன்னேன். மிஸ் 28ஐ அழித்து 20 என்று எழுதினார். நான் அதைத் தூக்கிவிட்டு, கொப்பியை எடுக்காமலே போய் வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு மாத உழைப்பும் ஓர் இரவில் போய்விட்டது போல நெஞ்சு அடைத்தது. பாடசாலையில் புள்ளி குறைந்த பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பதைப் பல முறை கண்டிருக்கிறேன். அன்று அவர்களுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தது.

மிஸ் கொப்பியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, மாசி மாதப் பக்கம் ஒன்றைக் காட்டினார். அதில் 18 கிலோ என்று பேனாவால் எழுதி, பக்கத்தில் "மிகக் கஷ்டம்" என்று என் சொந்தக் கையெழுத்தில் இருந்தது. "நித்திரையே இல்லாத நாளில அதை விடக் கூடத் தூக்கியிருக்கிறீங்க அக்கா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றுவரை என்னுடைய அளவுகோல் இரண்டாக இருந்தன: ஒன்று பதினேழு வயதில் நான், மற்றது பக்கத்தில் நிற்பவர். இரண்டையும் விட்டு, ஐந்து மாதங்களுக்கு முன்னைய என்னோடு, அதுவும் என் மிக நல்ல நாளை அவளுடைய மிக நல்ல நாளோடும் மோசமான நாளை மோசமான நாளோடும் ஒப்பிடப் பழகியது அதன் பிறகுதான். இன்றும் அது இயல்பாக வருவதில்லை. கொப்பியைத் திறந்து பார்த்தால்தான் வருகிறது.

என் கணவருக்கு வயது 56. நீரிழிவு வந்து 11 ஆண்டுகள். ஆண்கள் வகுப்பைப் பற்றி அவர் சொல்லக் கேட்டதையும் சனிக்கிழமைகளில் நான் கண்டதையும் வைத்து எழுதுகிறேன். அவர் கிளிக்ளசைட் என்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவர் என்பதால், வெறும் வயிற்றோடு வந்தால் சீனி தாழ்ந்துவிடும் என்று மிஸ் அவரை முதலில் என்ன சாப்பிட்டீர்கள் என்றே கேட்பார். மேசையில் எப்போதும் குளுக்கோஸ் பொதி இருக்கும். வெறுங்காலோடு பயிற்சி செய்ய விடமாட்டார், வகுப்பு முடிந்ததும் சப்பாத்தைக் கழற்றிப் பாதத்தைப் பார்க்கச் சொல்வார், ஏனென்றால் நீரிழிவால் உணர்ச்சி குறைந்த காலில் சிறு கீறல் இருந்தாலும் தெரியாது. அவருடைய வலது தோள் முன்பு உறைந்து, தலைவாரக்கூட முடியாமல் இருந்தது. தோள் உறைவு நாற்பது முதல் அறுபது வயதுக்குள் வருவது, நீரிழிவு உள்ளவர்களுக்குக் கூடுதலாக வருவது. அந்தத் தோளுக்குப் பாரமே கொடுக்காமல், சுவரில் விரல்களால் ஏறுவதை மட்டும் மாதக்கணக்கில் செய்யவைத்தார். சுவரில் பென்சிலால் போட்ட கோடுகள் இன்னும் இருக்கின்றன. அவரோடு திருக்கடலூரைச் சேர்ந்த மீனவர் ஒருவரும் வருகிறார். வலை இழுக்கும் கைக்கு வேறு பயிற்சி எதற்கு என்று ஊரில் கேட்கிறார்களாம். முப்பது ஆண்டுகளாக ஒரே பக்கம் முறுகி இழுத்த முதுகு அது. எதிர்ப்பக்கத்துக்குச் செய்யும் பயிற்சிகளால் காலையில் நிமிர்ந்து எழ முடிகிறது என்று அவர் சனிக்கிழமையொன்றில் எங்களிடம் சொன்னார்.

உணவு பற்றிய ஆலோசனை பெரும்பகுதி நன்று, ஓரிடத்தில் தவறு. நம் சாப்பாட்டில் மீன் மதியத்துக்குத்தான் வருகிறது. காலையில் பிட்டும் சம்பலும், இரவில் இடியப்பமும் சொதியும் என்றால் புரதம் ஒரே வேளையில் குவிந்துவிடுகிறது. நடுவயதில் தசை தன்னைக் கட்டிக்கொள்வதற்கு ஒவ்வொரு வேளையும் புரதம் கிடைப்பது உதவும் என்பதால், காலையில் முட்டையோ அவித்த கௌபியோ, இரவில் நெத்தலியோ தயிரோ சேர்க்கச் சொல்கிறார். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவு, அவித்த கௌபி 100 கிராமில் 8 கிராம் அளவு என்று கணக்கிட்டு, எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்ற இலக்கைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார். இரவுச் சாப்பாட்டைக் குறைக்கும் என் பழைய வழக்கம் இதனால் நின்றது. குறை என்னவென்றால், இந்தத் தாள் எல்லோருக்கும் ஒன்றாகவே கொடுக்கப்படுகிறது. சிறுநீரக நோய் உள்ளவர் புரதத்தின் அளவை வைத்தியரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும்; நீண்ட கால நீரிழிவும் பிரஷரும் உள்ளவர்கள் நிறைந்த ஒரு வகுப்பில் அந்த ஒரு வரி தாளின் தலையிலேயே இருந்திருக்க வேண்டும். நான் சொன்ன பிறகு வாயால் சொல்கிறார், தாள் இன்னும் மாறவில்லை.

வேறு குறைகளும் உள்ளன. கைக்குப் பிடிக்கும் எடைகள் ஐந்து கிலோவிலிருந்து நேரே 7.5 கிலோவுக்குப் போகின்றன. காலுக்கு அது பெரிதில்லை, தோளுக்கு அந்த ஏற்றம் மிக அதிகம். இடைவெளியை நிரப்பக் கால் கிலோ, அரைக் கிலோ மணல் பொதிகளைக் கட்டித் தருகிறார்கள், அவை வழுக்குகின்றன. தை மாதத்தில் புதியவர்கள் கூட்டமாக வந்து சேர்கிறார்கள். வழக்கமாக 10 பேர் இருக்கும் வகுப்பில் இந்த மாதம் 16 பேர் நிற்கிறோம். உதவிக்கு ஒருவரும் இல்லாமல் மிஸ் ஒருவரே பார்ப்பதால், கடந்த இரண்டு வாரங்களாகப் புதியவர் இருவர் முதுகை வளைத்துக்கொண்டு பாரம் தூக்கியதை நானே கண்டு சொல்ல நேர்ந்தது. காயம் வராமல் காப்பதற்காகவே இருக்கும் ஒரு வகுப்புக்கு இது சிறிய குறை இல்லை. ஆட்களை மட்டுப்படுத்த வேண்டும், அல்லது உதவியாளரைச் சேர்க்க வேண்டும். சனிக்கிழமைச் சமநிலைப் பயிற்சி நடக்கும் மூலையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, கதிரை முதுகைத்தான் பிடிக்க வேண்டும். மண்டபத்தில் இரண்டு மின்விசிறிகள் போதாது. சித்திரையிலிருந்து ஆவணி வரை 4.15 மணி வகுப்பை ஐந்தரைக்கு மாற்றினால் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒழுங்கையில் வெள்ளம் நின்றால் வகுப்பு நடக்காது, அந்த நாட்களுக்குப் பணம் திரும்பாது.

யாருக்கு இது பொருந்தும் என்று கேட்டால், எடையை விரைவாகக் குறைக்க வேண்டும் என்று வருபவர்களுக்குப் பொருந்தாது. 14 மாதங்களில் என் எடை ஒன்றரைக் கிலோதான் குறைந்தது. இடுப்பு 87இலிருந்து 82க்கு வந்தது, கதிரையிலிருந்து எழும் எண்ணிக்கை 11இலிருந்து 17 ஆனது, இடது காலில் இப்போது 20 செக்கன் நிற்கிறேன். எரிவாயு சிலிண்டர், உருளையும் வாயுவுமாக 25 கிலோவைத் தாண்டுவது, முன்பு மகன் வரும்வரை வாசலில் கிடக்கும். இப்போது குசினிக்குள் நானே தூக்கி வைக்கிறேன். நெஞ்சுவலி, கட்டுப்படாத இரத்த அழுத்தம், அண்மையில் சத்திரசிகிச்சை ஆகியவை உள்ளவர்களை வைத்தியரின் கடிதம் இல்லாமல் சேர்ப்பதில்லை, அது சரியான நடைமுறை. சேர விரும்புகிறவர்கள் தை முடியும் வரை பொறுத்து, கூட்டம் குறைந்த பின்னர் மாசியில் போவது நல்லது. முதல் நாளில் மருந்துகளின் சிட்டையையும் கிளினிக் கொப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

உட்துறைமுக வீதி நடையை நான் விடவில்லை. ஐந்து நாள் மூன்று நாளாகியிருக்கிறது. பொங்கலுக்கு மறுவாரம் கோணேசர் கோவிலுக்குப் போனபோது, இறக்கத்தில் கணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கடந்த வியாழக்கிழமை நிலத்திலிருந்து 38 கிலோ தூக்கினேன், அது பேனாவில் இருக்கிறது. வரும் திங்களுக்கு 40 என்று மிஸ் பென்சிலால் எழுதியிருக்கிறார்.